கடைவாய்ச்சி கடித்த புற்று

ஒரு பெரிய புல்வெளியில் கழுதைப்புலிக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதன் தலைவி பெயர் கடைவாய்ச்சி. அவளுடைய கடைவாய்ப் பற்கள் அந்த வட்டாரம் முழுக்கப் பேர் போனவை. எருமையின் தொடை எலும்பை வாயில் வைத்து ஒரே அழுத்து அழுத்துவாள். 'மடக்' என்று சத்தம் வரும். மரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் கழுகுகூடத் திடுக்கிட்டு எழுந்துவிடும்.

கழுதைப்புலிகளிடம் பெண்களுக்குத்தான் அதிகாரம். ஆண்கள் எல்லோரும் வாலை இடுக்கிக்கொண்டு பின்னால் நடப்பார்கள். அது அவர்கள் குடும்ப விஷயம். நாம் தலையிட வேண்டாம்.

இன்னொரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது. குளிர் முடிந்து, மழை இன்னும் வராத காலத்தில், வறண்ட ஆற்று மணலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தலைவி முன்னால் ஓர் எலும்பை உடைத்துக் காட்ட வேண்டும். உடைத்தவருக்கு அந்தப் புல்வெளியில் வளை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. உடைக்க முடியாதவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பழுப்புக் கழுதைப்புலி வருஷம் தவறாமல் வந்து உடைத்துவிட்டுப் போவார். வரிக் கழுதைப்புலி வடக்கே வெகு தூரத்தில் இருந்தார். அவர் வருவதில்லை. ஆனால் அவருடைய பல்லைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. புள்ளிக் கழுதைப்புலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைவாய்ச்சியே புள்ளிக்காரிதானே!

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொந்தக்காரன். அவன் பெயர் பிடரியன். அவன் ஒரு மண் ஓநாய்.

பெயரில்தான் ஓநாய். பிறப்பால் அவனும் கழுதைப்புலிக் குடும்பம்தான். அதே சரிந்த முதுகு, அதே நிமிர்ந்த காது. உடம்பில் கறுப்பு வரிகள். கழுத்திலிருந்து வால்வரை நீண்ட பிடரி மயிர். உருவம் மட்டும் ஒரு நரி அளவுதான். அவன் மனைவி பெயர் மென்னாவி. இருவரும் கறையான் தின்று பிழைத்தார்கள். கறி பக்கமே போகமாட்டார்கள். அதனால் 'சின்னப்பயல், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று எலும்புக் கூட்டத்துக்கு அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை.

அந்த வருஷம் பொல்லாத பஞ்சம். மான் கூட்டமும் வரிக்குதிரைக் கூட்டமும் தண்ணீர் தேடிப் போய்விட்டன. கழுதைப்புலிகளின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. எல்லோருக்கும் எரிச்சல். பசித்தவர்கள் கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

எல்லோரும் எலும்பு உடைத்து முடித்த நேரம். ஓரக்கண்ணன் என்ற நரி மெதுவாக முன்னால் வந்தது.

"தலைவி, எல்லாரும் உடைச்சாச்சா?"

"உடைச்சாச்சு. உனக்கென்ன?" என்றாள் கடைவாய்ச்சி.

"பிடரியன் உடைச்சானா?"

"யாரு, அந்தப் பூச்சி தின்னியா? அவனை யாரு கூப்பிடுவா!"

கூட்டம் சிரித்தது. கழுதைப்புலிகள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? நாமாக இருந்தால் ஓட்டம் எடுத்திருப்போம். நரியும் இரண்டடி பின்வாங்கியது. ஆனாலும் அது விடவில்லை.

"அதுதான் தலைவி எனக்குப் புரியலை! உங்க எல்லாருக்கும் விலா எலும்பு வெளியே தெரியுது. அவன் பொண்டாட்டி மட்டும் தளதளன்னு இருக்கா. குட்டி வேற போட்டிருக்கா. வெறும் பூச்சியைத் தின்னா இப்படி இருக்க முடியுமா? எங்கேயோ கறியைப் பதுக்கி வெச்சிருக்கான்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. பசித்த வயிற்றுக்குக் 'கறி' என்ற ஒரு சொல் போதாதா?

நரிக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்கிறீர்களா? மென்னாவி மூன்று குட்டி போட்டிருந்தாள். பால் வாசனை பிடித்து நரி தினமும் அந்த வளையைச் சுற்றியது. ஆனால் பக்கத்தில் நெருங்க முடியவில்லை. மென்னாவி மேயப் போனால் பிடரியன் வாசலில் படுத்திருப்பான். பிடரியன் போனால் மென்னாவி படுத்திருப்பாள். இரண்டு பேரும் ஒன்றாக நகர்ந்ததே இல்லை. அவர்களை வளையை விட்டு மொத்தமாகக் கிளப்பினால்தான் நரிக்கு விருந்து.

கடைவாய்ச்சி தன் மகள் நொறுக்கியைப் பார்த்தாள்.

"போய் அவன்கிட்டே சொல்லு. நாளைக்கு மத்தியானம் இங்கே வந்து எலும்பு உடைக்கணும். உடைக்கலைன்னா சூரியன் மறையறதுக்குள்ளே வளையைக் காலி பண்ணணும்!"

நொறுக்கி அந்தச் சேதியை வளை வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மென்னாவி பிடரியன் பக்கம் திரும்பினாள். "உங்களால எலும்பு உடைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

பிடரியன் வாயைத் திறந்து காட்டினான். முன்னால் கூரான கோரைப் பற்கள் இருந்தன. ஆனால் கடைவாயில் அரிசி மணி மாதிரிச் சின்னச் சின்ன முளைகள்தான். அதுவும் இடைவெளி விட்டு. கறையானை மெல்லவே அவை வேண்டியதில்லை. எலும்புக்கு எங்கே போவது?

"அப்ப போயிடலாமா?" என்றாள் மென்னாவி.

"எப்படிப் போறது? குட்டிங்களுக்குக் காலே ஊன்றலை. ஒண்ணைக் கவ்விட்டுப் போய் வேற எடத்துல விட்டுட்டு வரதுக்குள்ளே..."

அவன் முடிக்கவில்லை. தூரத்துப் புல்லில் இரண்டு காதுகள் தெரிந்தன. நரியின் காதுகள். இருவரும் பார்த்தார்கள். உள்ளே குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பால் தேடிக்கொண்டிருந்தன.

"நான் போய்க் கடைவாய்ச்சிப் பெரியம்மாகிட்டே பேசிப் பாக்கறேன்," என்றான் பிடரியன். "நீ வாசலை விட்டு அசையாதே. என்ன சத்தம் கேட்டாலும் அசையாதே!"

மறுநாள் மத்தியானம் பிடரியன் ஆற்று மணலுக்கு வந்தான். நடுவில் ஓர் எருமை எலும்பு கிடந்தது. அவன் உடம்பில் பாதி நீளம் அது! சுற்றிலும் பெரிய பெரிய சொந்தக்காரர்கள். எல்லோருடைய கண்ணும் அவன் வாயைப் பார்த்தது.

அவன் எலும்பைக் கவ்வினான். அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். எலும்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. எச்சில் மட்டும் வழிந்தது.

"நல்லா துடைச்சுக் குடுத்திருக்கான்டா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிடரியன் எலும்பைக் கீழே வைத்தான். அவன் வெட்கப்பட்டான். அதை மறைக்கவும் இல்லை.

"என்னால முடியாது பெரியம்மா. எங்க அப்பாவாலயும் முடியாது. எங்க பரம்பரையிலேயே யாராலயும் முடியாது. ஆனா நானும் உங்க சொந்தம்தான்."

"சொந்தம்னா கறியை ஏன்டா ஒளிச்சு வெச்சுத் திங்கிறே?" என்று சீறினாள் கடைவாய்ச்சி. "எங்கே வெச்சிருக்கே? சொல்லு!"

"நான் கறி தின்னதே இல்லை. நம்பலைன்னா என்கூட வாங்க. நான் என்ன திங்கிறேன்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு அப்புறம் துரத்துங்க."

கடைவாய்ச்சி யோசித்தாள். மறைவிடத்தை இவனே காட்டிவிடுவான் என்று நினைத்தாள். "சரி, நான் மட்டும் வரேன். யாரும் கூட வராதீங்க," என்று எழுந்தாள். கறி இருந்தால் முதல் வாய் தலைவிக்குத்தான். அதுவும் அவர்கள் வழக்கம்!

இருவரும் புல்வெளிக்குள் நடந்தார்கள். பிடரியன் மெதுவாகப் போனான். தலையைத் தாழ்த்தி, இரண்டு காதையும் தரைப் பக்கம் திருப்பிக்கொண்டு போனான். நாலு அடி வைப்பான், நிற்பான். மறுபடியும் நாலு அடி.

"என்னடா பண்றே?"

"கேக்கறேன் பெரியம்மா."

"என்னத்தைக் கேக்கறே?"

"அவங்க நடக்கிற சத்தத்தை."

கடைவாய்ச்சியும் காதைத் தரையில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வைத்தாள். அப்போது கேட்டது. காய்ந்த இலைமேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். ஓயாத சத்தம். மேகம் இல்லாத வானத்தின் கீழே, மண்ணில் தூறல்!

ஒரு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் சிங்கம் எலும்பு கடித்தால் அவளுக்குக் கேட்கும். பிறந்ததிலிருந்து இந்த மண்மேல்தான் ஓடினாள். காலுக்கு அடியில் இப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

"அதோ பாருங்க," என்றான் பிடரியன்.

ஒரு பெரிய கறையான் புற்று. அதன் அடியில் புல் அசைந்தது. காற்று இல்லை, ஆனாலும் அசைந்தது. கறையான்கள்! ஆயிரம் ஆயிரமாக வெளியே வந்து புல்லை அறுத்துக்கொண்டிருந்தன. தரையே பழுப்பு நிறத்தில் ஊர்ந்தது.

பிடரியன் குனிந்தான். அவன் நாக்கு வெளியே வந்தது. அகலமான, பிசுபிசுப்பான நாக்கு. அது போன வேகத்தைக் கடைவாய்ச்சியின் கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஒரு நக்கு நக்கினால் தரையில் ஒரு கோடு வெறுமையாகத் தெரியும். அடுத்த நொடி கறையான்கள் வந்து அந்தக் கோட்டை நிரப்பும். மறுபடியும் நாக்கு. மறுபடியும் நிரம்பும். மெல்லுவது இல்லை, கடிப்பது இல்லை. வாயில் ஒரு சத்தமும் இல்லை.

கடைவாய்ச்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இப்படி ஒரு சாப்பாட்டை அவள் பார்த்ததே இல்லை.

திடீரென்று புற்றின் வாசலில் கூச்சல் கேட்டது. கூர்மூக்குச் சிப்பாய்க் கறையான்கள் வெளியே ஓடி வந்தன. அவற்றின் தலைவன் ஊசிமூக்கன் கத்தினான்.

"வந்துட்டான்டா நம்ம ஆளு! வரிசையா நில்லுங்க! மூக்கைத் தூக்குங்க! பீச்சுங்க!"

சிப்பாய்கள் மூக்கு நுனியால் பசை மாதிரி ஒன்றைப் பீச்சினார்கள். நெடி மூக்கைத் துளைத்தது. தள்ளி நின்ற கடைவாய்ச்சிக்கே கண்ணில் நீர் வந்தது. பிடரியன் கண்ணைச் சிமிட்டினான். இன்னும் நாலு நக்கு நக்கினான். சிப்பாய்கள் கூடிக்கொண்டே போனார்கள். உடனே அவன் எழுந்துவிட்டான்.

"சரி ஊசிமூக்கா, வரேன்."

"போய்த் தொலை! திரும்பி வராதே!"

"கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன். நிம்மதியா இரு."

கடைவாய்ச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னடா இது! எதிரே இவ்வளவு கிடக்குது. பாதியிலே எழுந்துட்டியே! வயிறு நிறைஞ்சுதா?"

"இல்லை பெரியம்மா. கால் வயிறுகூட ஆகலை. ஆனா சிப்பாய் நிறைய வந்தா, போதும்னு அர்த்தம். இனிமே அடுத்த புத்து. அப்புறம் அதுக்கு அடுத்தது. இப்படியே நடந்துகிட்டே இருப்பேன்."

"மொத்தம் எத்தனை கறையான் தின்பே?"

"எண்ணினது இல்லை. வானத்துல தெரியற நட்சத்திரத்தைவிட அதிகம் இருக்கும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

கடைவாய்ச்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். புல்வெளி முழுக்கப் புற்றுகள். வானம் தரையைத் தொடும் இடம்வரை புற்றுகள். ஒன்றுகூட இடியவில்லை.

"இதையெல்லாம் நீ தின்னிருக்கியா?" என்றாள். அவள் குரல் தணிந்திருந்தது.

"நான் தின்னிருக்கேன். எங்க அப்பா தின்னிருக்கார். அவரோட அப்பா தின்னிருக்கார். இதே புத்துங்கதான்."

கடைவாய்ச்சிக்கு மயிர் கூச்செறிந்தது. அவள் தின்றது எதுவும் மறுநாள் இருந்ததில்லை. எருமை போனால் எலும்பு மிஞ்சும். எலும்பையும் நொறுக்கித் தின்றால் மணலில் வெள்ளைப் பொடி மிஞ்சும். இவன் பரம்பரையே தின்ற சாப்பாடு இன்னும் அப்படியே எழுந்து நிற்கிறது! இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை சின்ன உடம்புக்குள் எப்படி வந்தது? அவள் அவனை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள்.

ஆனால் வியப்பு ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். பசி அவளை விடவில்லை. அவள் புற்றைச் சுற்றி வந்தாள். முகர்ந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். எலும்பை உடைத்தால் உள்ளே மஜ்ஜை இருக்கும். வெளியே கசிவதே இவ்வளவு என்றால் இந்த மண் எலும்புக்குள் எவ்வளவு இருக்கும்! என் கூட்டம் முழுக்க வயிறு நிறையத் தின்னலாமே!

"பெரியம்மா, என்ன பண்றீங்க? வேண்டாம்!" என்று கத்தினான் பிடரியன்.

அதற்குள் அவள் கடித்துவிட்டாள்.

'மடக்!' புற்றின் தோள் உடைந்து விழுந்தது. கடைவாய்ச்சியின் வாய் முழுக்க மண். மஜ்ஜை எங்கே? மண்ணுக்குள் மண்தான் இருந்தது. அடுத்த நொடி அவள் வாய்க்குள்ளேயே சிப்பாய்கள் பீச்சத் தொடங்கினார்கள். நாக்கு எரிந்தது. ஈறு எரிந்தது. துப்பப் பார்த்தாள். மண்ணும் பசையும் சேர்ந்து கெட்டிப் பாகாகிவிட்டது. எருமை எலும்பை நொறுக்கிய வாய் இப்போது திறக்கவே இல்லை!

"ம்ம்! ம்ம்ம்!" என்றாள் கடைவாய்ச்சி. தலைவி பேசியது அவ்வளவுதான்.

ஆனால் அவளைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. புற்றில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே அறை அறையாகத் தெரிந்தது. இதுவரை வெயிலையே பார்க்காத வெள்ளைக் குஞ்சுகள் வெளிச்சத்தில் நெளிந்தன. அடுக்கடுக்காக முட்டைகள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கிடந்தால் எல்லாம் காய்ந்துவிடும்.

வேலைக்காரக் கறையான்கள் ஓடி வந்தன. ஆளுக்கு ஒரு ஈர மண் உருண்டை. ஒன்று வைத்தது. அதன்மேல் இன்னொன்று வைத்தது. ஆயிரக்கணக்கில், பாதுகாப்பே இல்லாமல், பிடரியனின் மூக்குக்கு நேர் எதிரே!

ஊசிமூக்கன் பிடரியனைப் பார்த்தான். அவனுடைய ஆட்கள் பாதிப் பேர் கடைவாய்ச்சியின் வாயில் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் பீச்சுவதற்குப் பசை இல்லை.

"முடிஞ்சுதுடா நம்ம கதை!" என்றான். "நம்ம வீடு திறந்து கிடக்குது. அவன் நாக்கு போற இடத்துல கிடக்குது."

பிடரியனின் நாக்கு வெளியே வந்தது. பசி, கால் வயிறுகூட நிறையாத பசி. வீட்டில் பால் கொடுக்கிறவள் காத்திருக்கிறாள். இங்கே அவன் ஆயுளிலேயே பார்க்காத விருந்து. நடக்க வேண்டாம், தேட வேண்டாம். அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகி மண்ணில் சொட்டியது.

அவன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

கினிக்கோழிகள் இரண்டு பக்கமும் இருந்து ஓடி வந்தன. உடைந்த புற்று என்றால் அவற்றுக்குத் தீபாவளி! பிடரியன் ஓட்டைக்கு முன்னால் போய் நின்றான். பிடரி மயிரைச் சிலிர்த்தான். கழுத்திலிருந்து வால்வரை மயிர் எழுந்து நின்றது. நரி அளவு இருந்தவன் ஒரு நொடியில் இரண்டு மடங்கு ஆனான்!

"போங்க அந்தப் பக்கம்!" என்று உறுமினான். கினிக்கோழிகள் இறகு உதிர ஓடின.

பிறகு அவன் வெயில் வரும் பக்கமாகத் திரும்பி, ஓட்டைக்கு மறைப்பாகப் படுத்துக்கொண்டான். வேலைக்காரக் கறையான்கள் அவன் முன்னங்கால்மேல் ஏறி மண் கொண்டுபோயின. அவன் காலை அசைக்கவில்லை.

கடைவாய்ச்சியால் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. கண்ணால் கேட்டாள். ஏன்டா?

"இன்னைக்கு வயிறு நிறையும் பெரியம்மா. ஆனா இந்தப் புத்து செத்துடும்," என்றான் பிடரியன். "அதைவிட, இன்னொண்ணும் இருக்கு. அவங்க வாசல் வழியா வெளியே வந்தா எடுத்துக்கலாம். கூரை பிஞ்சு கிடக்கும்போது எடுக்கக் கூடாது. எங்க வீட்டுல அப்படித்தான்."

கடைவாய்ச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வீரர்களை அவள் பார்த்திருக்கிறாள். சிங்கத்தின் வாயிலிருந்து கறியைப் பிடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறாள். பசியோடு, வாய்க்கு முன்னால் இருக்கும் உணவைக் காவல் காத்தவனை இப்போதுதான் பார்க்கிறாள். அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவளுக்குத் தன் வாயை நினைத்து முதல்முறையாகக் கூச்சம் வந்தது.

வெயில் சாய்ந்தது. சுவர் ஏறிக்கொண்டே வந்தது. கடைசி ஓட்டையை ஒரு சின்னக் கறையான் அடைத்தது. உள்ளே போவதற்கு முன் ஊசிமூக்கன் பிடரியனைத் திரும்பிப் பார்த்து மூக்கைத் தூக்கினான். ஆனால் பீச்சவில்லை.

அப்போதுதான் அந்த உறுமல் கேட்டது. மென்னாவியின் உறுமல்!

பிடரியன் பாய்ந்து ஓடினான். கடைவாய்ச்சியும் பின்னாலேயே ஓடினாள்.

வளை வாசலில் மென்னாவி பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காதில் ரத்தம். எதிரே ஓரக்கண்ணன். அது வலப் பக்கம் பாய்வது போல் காட்டி இடப் பக்கம் பாய்ந்தது. அவள் அசையவில்லை. வாசலை விட்டு ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அவள் காலுக்குப் பின்னால் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. பிடரியன் போய் அவள் பக்கத்தில் நின்றான். இரண்டு பிடரிகள் எழுந்து நின்றன.

நரி கடைவாய்ச்சியைப் பார்த்ததும் சட்டென்று குழைந்தது.

"வாங்க தலைவி! சூரியன் மறையப் போவுது. உங்க கெடு முடிஞ்சுது. இவங்களைக் காலி பண்ணத்தான் வந்தேன். உங்க உத்தரவைத்தான் நிறைவேத்தறேன்!"

"ம்ம்!" என்றாள் கடைவாய்ச்சி. வாய் இன்னும் திறக்கவில்லை.

"பாத்தீங்களா! தலைவி ஒண்ணும் சொல்லலை. அப்ப சம்மதம்தான்!" என்று நரி துள்ளியது. "குட்டிங்களை நான் பாத்துக்கறேன். நல்லாவே பாத்துக்கறேன்!"

பிடரியன் கடைவாய்ச்சியைப் பார்த்தான். மென்னாவியும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வழி இல்லை. வாயால் ஆண்டவள் வாயடைத்து நின்றாள்.

கடைவாய்ச்சி மெதுவாக நடந்தாள். நரியைத் தாண்டிப் போனாள். வளை வாசலுக்கு எதிரே ஓர் உயரமான புல் இருந்தது. அதில் பிடரியன் தன் வால் அடியிலிருந்து வரும் பசையைத் தடவி வைத்திருந்தான். இது என் வீடு என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் புல்லில் தடவுவார்கள். கடைவாய்ச்சி திரும்பி நின்றாள். அதே புல்லில், பிடரியனின் அடையாளத்துக்கு மேலே, தன் அடையாளத்தையும் தடவினாள்.

நரி முகர்ந்து பார்த்தது. அதன் வால் தானாகக் கீழே இறங்கியது. இனிமேல் இந்த வாசலைத் தாண்டினால் கடைவாய்ச்சியின் வாசலைத் தாண்டியது போல. அவள் வாய் இன்றைக்கு மூடியிருக்கலாம். நாளைக்குத் திறந்துவிடுமே! நரி முதலில் பின்னால் நகர்ந்தது. பிறகு திரும்பியது. அப்புறம் ஓடிய ஓட்டத்தில் புழுதி மட்டும்தான் தெரிந்தது.

மென்னாவி அப்படியே வாசலில் சரிந்து உட்கார்ந்தாள். குட்டிகள் அவள் வயிற்றில் முட்டின. பிடரியனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதான்.

மறுநாள் கடைவாய்ச்சியின் வாய் திறந்தது. கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. நொறுக்கிதான் முதலில் கத்தினாள்.

"என்னம்மா இது! அவன் எலும்பை உடைக்கவே இல்லை. நீங்க போய் அவன் வாசல்ல அடையாளம் வெச்சுட்டு வந்திருக்கீங்க! எல்லாரும் நம்மளைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்," என்றாள் கடைவாய்ச்சி. நாக்கு இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நான் ஒரு புத்தை உடைச்சேன்டி. அதுக்கு ஒரு நொடிதான் ஆச்சு. அவன் பசியோட அதே புத்து முன்னாலே சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டுப் படுத்திருந்தான். என்னால எத்தனை எலும்பு வேணும்னாலும் உடைக்க முடியும். அவன் செஞ்சதை என்னால செய்ய முடியாது. உன்னால முடியுமா?"

நொறுக்கி திரும்பி, பிடரியனின் வளை இருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

எதையும் உடைக்கக்கூடிய வாயைவிட, பசித்திருக்கும்போதும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த வாயே வலிமையானது.